கொக்கு செட்டின் புதுப் பாட்டு

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போவதுதான் வீரணனின் சோலி. இளவட்டமாக இருந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இப்போது அறுபதை நெருங்குகிறார். மலைமேல் எந்த வளைவில் எந்த மாதம் மூடுபனி இறங்கும் என்று கேட்டால் சொல்வார். ஆனால் ஜீப் ஸ்டாண்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சொல்வது அந்த இங்கிலீஷ் பாட்டைத்தான்.

பல வருசத்துக்கு முன்னால், தோட்டத்துக்கு வந்த மலையாளி ஒருவர் ஜீப்பில் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வாங்க வரவே இல்லை. அட்டையில் தண்ணீருக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. நாலு வெள்ளைக்காரர்கள் பாடி வாசித்தது. பேர் வாயில் நுழையாததால் வீரணன் ‘கொக்கு செட்டு’ என்று வைத்துக்கொண்டார். பாடுகிறவனுக்குத் தொண்டை கரகரவென்று இருக்கும். அவன் பாதியில் நிறுத்த, கிட்டார் அவன் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கும்.

ஜீப்பில் வந்த பெண்களுக்கு ஆகவில்லை. “யாருண்ணே இது, பல்லுவலிக்காரன் மாதிரி கத்துறான்?” என்றார்கள்.

ஒருத்தி மட்டும், “நிப்பாட்டாத. அடுத்த பக்கத்தத் திருப்பிப் போடு வீரணா” என்றாள். அவள் பொற்கொடி, சிலமலைக்காரி.

அதற்கப்புறம் அவள் முன்சீட்டில்தான் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. எந்த இடத்தில் கிட்டார் வரும் என்பது மட்டும் தெரியும். அந்த இடம் வரும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு காயெடுப்பு சீசன் முழுக்க இப்படிப் போனது. அடுத்த தை மாதம் அவளைப் பூப்பாறையில் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீரணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேசட்டை மட்டும் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். தனக்கு ஒன்று முன்னாலேயே பதிவு செய்து வைத்திருந்தார்.

பிறகு அவருக்கும் கல்யாணமாகி, மகள் பவதாரணி பிறந்து, படித்து, கோயம்புத்தூரில் வேலைக்கும் போய்விட்டாள். போன மாசம் அவள்தான் போன் பண்ணினாள். “அப்பா, ஒங்க கொக்கு செட்டு ரொம்ப வருசம் கழிச்சுப் புதுசா பாட்டுப் போட்டிருக்காங்க. அனுப்பிருக்கேன், பாருங்க.”

வீரணன் உடனே கேட்கவில்லை. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, காலி ஜீப்போடு திரும்பும்போது போடிமெட்டு தாண்டி ஓரங்கட்டினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனில் பாட்டைப் போட்டார்.

முதல் பாட்டு முடிந்தது. அடுத்ததில் சரியாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. டிரம்ஸ்காரர் செத்துப்போனதை மகள் சொல்லியிருந்தாள்; அவருக்குப் பதில் மிஷினை அடிக்க விட்டிருந்தார்கள். கரகரப்பைத் தேய்த்து எடுத்துவிட்ட குரல். கிட்டார் வந்தது, ஆனால் அழவில்லை. கல்யாண மண்டப வாசலில் வைக்கிற பாட்டு மாதிரி இருந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு ஜீப்பை எடுத்தார்.

“எப்டிப்பா இருக்கு?” என்று மகள் கேட்டபோது, “நல்லாருக்குத்தா” என்று சொல்லிவிட்டார். வேறு யாரிடம் என்ன சொல்வது? பழசைக் கேட்டிருந்தால்தானே புதுசில் என்ன குறைகிறது என்று தெரியும். இந்த மலையில் அதை ரசித்துக் கேட்டிருந்த இன்னொரு ஆள் பூப்பாறையில் இருந்தாள்.

ஒருநாள் பூப்பாறையில் பஸ்சு வராமல் சனம் காத்துக் கிடந்தது. வீரணன் ஜீப்பை நிறுத்தினார். பை ஒன்றை மடியில் வைத்தபடி ஒரு பெண் முன்சீட்டில் ஏறினாள். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது.

“நல்லாருக்கீங்களாண்ணே? சிலமலைக்குப் போறேன், தம்பி பேத்திக்குக் காதுகுத்து” என்றாள்.

பின்னால் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் ‘அண்ணே’ என்று வீரணனுக்குத் தெரியும். இருந்தாலும் சுருக்கென்றது.

வளைவுகள் தொடங்கியதும் பொற்கொடி குரலைத் தணித்தாள். “அவங்க புதுசா போட்டிருக்காங்களாமே. மகன் போன்ல எடுத்துக் குடுத்தான்.”

“கேட்டியா?”

“கேட்டேன். எனக்குப் பிடிக்கல.”

“எனக்குந்தேன்!” என்று வீரணன் சத்தமாகச் சொல்ல, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

“கழுவித் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“அந்த இழுப்பு எங்க போச்சு? கிட்டாருல ஒரு இழுப்பு இழுப்பான்ல?”

“கடைசிப் பாட்டுல குரல் லேசா ஒடையுது, கவனிச்சீங்களா? அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.”

வீரணன் அதைக் கவனிக்கவில்லை. “அப்டியா?” என்றார்.

மலையடிவாரத்தில் முந்தல் வரும்வரை ஒவ்வொரு பாட்டாக எடுத்துக் குறை சொன்னார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு பேசினார் வீரணன். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போனது. போடி பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள்.

“இன்னொண்ணு போடுவாங்களா?”

“வயசாயிருச்சே பொற்கொடி.”

“ஆமா” என்றாள். “வர்றேன்.” சிலமலை பஸ்சு கிளம்பிக்கொண்டிருந்தது. வெரசாக நடந்தாள்.

சாயங்காலம் பெண்களைக் கூட்டிவரக் காலி ஜீப்போடு மேலே போகும்போது வீரணன் புதுப் பாட்டையே மறுபடி போட்டார். பாட்டு ஒன்றும் தேறிவிடவில்லை. கடைசிப் பாட்டில் அவள் சொன்ன இடம் எதுவென்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார்.