மலைப்பாதை வாங்குகள்

அந்த இங்கிலாந்து மலையில் நடப்பவர்கள் இருந்து இளைப்பாறப் போட்டிருந்த ஒவ்வொரு வாங்கும் ஓராள் விழுந்து செத்த இடம் என்று நான் நம்பினேன். சந்தேகமே இல்லாமல் நம்பினேன். பிரான்சில், லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், வெண்டிக்காய்ப் பெட்டி உடைக்கும்போது நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த அடுத்த கோடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் அத்தானும் இங்கிலாந்தின் மேற்கில், ஆட்களைவிட ஆடுகள் கூடிய ஒரு சிற்றூரில் பெற்றோல் நிலையக் கடை நடத்துகிறார்கள். அத்தானுக்கு அதற்கு முந்திய மாரிக் குளிரில்தான் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்திருந்தார்கள். மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தவருக்கு யன்னலால் தெரிந்தது ஊருக்குப் பின்னால் இருந்த அந்த மலை ஒன்றுதான். அதில் ஏறி இறங்கினால்தான் தான் பழைய ஆள் என்று அவர் தனக்குள் முடிவுகட்டியிருந்தார். ஏறலாம், ஆனால் அடிக்கடி இருந்து இளைப்பாற வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் வாசலில் நின்று அக்கா என்னிடம் சொன்னா: "இந்த மனுசனை உன்னை நம்பித்தான் விடுறன். முழுசாக் கொண்டுவந்து தந்திடு."

"ஓம் அக்கா, கீறல் விழாமல் கொண்டுவாறன்" என்றேன். அவ சிரிக்கவில்லை.

முதலில் மலையடிவாரத்தைச் சுற்றிப் பார்த்தோம். கூரையில்லாத ஒரு பழைய மடாலயம்; உள்ளே புல், அந்தப் புல்லில் காகங்கள். பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. அங்கே மாவில் சுட்ட, பணிஸ் மாதிரி ஒன்றைப் பிளந்து அதற்குள் பாலாடையும் ஜாமும் அப்பித் தந்தார்கள். அத்தான் ஜாமை மட்டும் தின்பதாகச் சொன்னார். ஆடை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஏறத் தொடங்கினோம். ஆளுயரச் செடிகளுக்கு நடுவே பாதை. கொஞ்சத் தூரத்தில் முதல் வாங்கு வந்தது. அத்தான் அதை நோக்கித் திரும்பவும் என் கண்ணில் அந்தப் பித்தளைத் தகடு பட்டது. ஒரு பெயர். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. வாங்கின் கைப்பிடியில் வாடிய பூங்கொத்து ஒன்று கட்டியிருந்தது. ஆண்டுகளுக்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. அதை வாசிக்கும் நிலையில் நான் இல்லை.

என்னைக் குறை சொல்ல வேண்டாம். நான் குடியிருப்பது பியர்ஃபித் என்ற புறநகரில். வேலைக்குப் போகிற வழியில் ஒரு விளக்குக் கம்பம். ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் போய் மோதிய இடம். கம்பத்தில் அவன் பெயர், இரண்டு ஆண்டுகள், பூக்கள். தினமும் பஸ்ஸில் அதைக் கடக்கிறவனுக்கு மலையில் ஒரு பெயரும் பூவும் வேறென்ன சொல்லும்?

"அத்தான், இதிலை இருக்க வேண்டாம்."

"ஏன்?"

"ஈரம்."

"எங்கையடா ஈரம்? வெயில் கொளுத்துது."

"பிரான்சிலை இப்பிடித்தான் காய்ஞ்ச மாதிரி இருக்கும், இருந்தால்தான் தெரியும்" என்று சொல்லி அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது வாங்கில் இரண்டு பெயர்கள். சோடியாகப் போயிருக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு பெயரும் பக்கத்தில் நாயின் உருவமும் செதுக்கியிருந்தன. நாயைக்கூட விடாத மலை! நாலு கால் உள்ள பிராணிக்கே இந்தக் கதியென்றால், ரத்தக்குழாய் மாற்றிய அத்தானின் பாடு என்ன? பிரான்ஸ் என்றால் பதினைந்தை அழுத்த வேண்டியதுதான், சமு என்கிற அவசர மருத்துவ வண்டி வந்துவிடும். இந்த நாட்டில் எந்த நம்பர் என்று அக்காவிடம் கேட்காமல் வந்த என்னை நானே பிரெஞ்சில் திட்டினேன்.

டொக்டர் இருந்து இருந்து ஏறச் சொன்ன மனுசனை இருக்க விடாமல் மேலே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அத்தானும் வீம்பில் வந்தார். மச்சான்காரன் தன்னைச் சோதிக்கிறான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நாலாவது வாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தா. நான் பிடிப்பதற்குள் அத்தான் அவவுக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"எழும்புங்கோ அத்தான்! உதிலை இருக்காதேங்கோ!"

"போடா. இனி என்னாலை ஏலாது. நீ வேணுமெண்டால் ஓடு."

"ஐயோ, அது ஆள் செத்த இடம்! எல்லா வாங்கும் அப்பிடித்தான்! பேர் போட்டிருக்கிறாங்கள், பாருங்கோ!"

அத்தான் திரும்பித் தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் நெஞ்சில் அழுத்திக்கொண்டு முன்னால் குனிந்தார். தோள்கள் குலுங்கின. முடிந்தது கதை என்று நான் புல்லில் முழங்காலில் விழுந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தையல் போட்ட நெஞ்சு நோகாமலிருக்கப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூச்சு வந்ததும் கிழவிக்கு இங்கிலீசில் விளக்கினார். அவவும் சிரித்தா, ஆனால் மெதுவாக. அந்தத் தகட்டில் இருந்தது அவவின் புருசனுடைய பெயர். அவர் செத்தது மலையில் அல்ல, டவுன் ஆஸ்பத்திரியில், நித்திரையில். இந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க அவருக்கு ஆசை. அதனால் பிள்ளைகள் அவர் நினைவாக வாங்கு போட்டார்களாம். இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம். வழியில் வருகிறவர்கள் அதில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் விருப்பம்; தகடுகளில் ஆண்டுகளுக்குக் கீழே எழுதியிருந்ததும் அதுதானாம்.

சொல்லிவிட்டு அவ பக்கத்துப் பலகையைத் தட்டினா. நானும் இருந்தேன். வெள்ளரிக்காய் வைத்த சான்ட்விச்சில் பாதியைத் தந்தா. கீழே மடாலயமும் தேநீர்க்கடையும் சின்னதாகத் தெரிந்தன. அத்தானின் முகத்தில் பழையபடி நிறம் வந்தது.

"நான் மேலை போயிட்டு வாறன்" என்று அவர் எழும்பினார்.

நானும் எழும்பப் பார்த்தேன். முடியவில்லை. ஓரிடத்திலும் இருக்காமல் ஏறிய என் கெண்டைக்கால் இரண்டும் இறுகிப்போயிருந்தன.

அத்தான் தனியாக உச்சிவரை போனார். வழியில் இருந்த எல்லா வாங்கிலும் இருந்து இருந்து போனார். திரும்பி வந்து, என் கையைத் தன் தோளில் போட்டு என்னைக் கீழே இறக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.