வாங்கச் சொன்னார்கள், விற்க மறுத்தார்கள்

முதலில் சாப்பாடுதான் குறைந்தது. பசியோடுதான் உட்காருவேன். நாலு வாய் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்டது போல இருக்கும். இடது விலாவுக்குக் கீழே ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கும். வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்தேன். காலையில் எழுந்தால் பனியன் நனைந்திருக்கும். மும்பை தாராவியில் தகரக் கூரைக்கு அடியில் படுப்பவனுக்கு வேர்ப்பதில் என்ன அதிசயம் என்று அதையும் விட்டுவிட்டேன். என் மனைவி பேச்சியம்மாள் மட்டும் நான் தட்டில் மிச்சம் வைப்பதைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பஸ் டிரைவர். செம்பூரிலிருந்து வாஷியில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு ஊழியர்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வரும் வேலை. பஸ்கள் ஒரு காண்டிராக்டருடையவை. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது; நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன், எழுத வரும். இதே நோய் வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நோயைச் சொல்வதற்கு முன் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

முன்பு எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது (சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கும் அரசுத் திட்டம்). சம்பளம் சற்று ஏறியதும் அந்தத் திட்டத்தின் வரம்பைத் தாண்டிவிட்டோம். சம்பள உயர்வுக்கு ஸ்வீட் வாங்கித் தின்ற நாங்கள், கையிலிருந்த வைத்தியம் போய்விட்டதை அப்புறம்தான் கவனித்தோம்.

பிறகு எங்களில் ஒருவரான கண்பத் நெஞ்சுவலியில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதற்குள் வீடே கைவிட்டுப் போகும் நிலை. அதைப் பார்த்த முதலாளி ஒரு முடிவு எடுத்தார். டிரைவர்கள் எல்லோரும் அவரவர் பெயரில் தனியார் மருத்துவக் காப்பீடு வாங்கிவிட வேண்டும். பாலிசி இல்லாதவருக்கு டூட்டி கிடையாது. மேனேஜர் சாவந்த் இதை டெப்போவில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

நான் எதிர்த்தேன். என் உடம்புக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலாளி எப்படித் தீர்மானிக்கலாம் என்று கேட்டேன். என்னோடு பாதிப் பேர் நின்றார்கள். எதிர்ப்பக்கம் நின்றது இசக்கி. பேச்சியம்மாளின் தம்பி, அதே டெப்போவில் டிரைவர். அவன் மகள் டெங்குவில் கிடந்தபோது பாலிசிதான் கைகொடுத்தது. அதனால் அவனுக்கு இதில் சந்தேகமே இல்லை.

“அத்தான், நோய் வந்தவன் மட்டும் வாங்குனா கம்பெனி எங்கேருந்து குடுக்கும்? எல்லாரும் போட்டாத்தான் ஒருத்தனுக்கு வரும்போது எடுக்க முடியும். கண்பத்துக்கு நடந்தது நமக்கு நடக்காதுன்னு என்ன நிச்சயம்?” என்றான்.

“எல்லாரும் போடணும்னா அரசாங்கத்துல போடுவோம். லாபத்துக்கு நடத்துதவன்கிட்ட கொண்டு போடுன்னு இவரு என்னத்துக்குச் சொல்லணும்?” என்றேன்.

டெப்போவில் தொடங்கிய பேச்சு வீட்டுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறுகளில் குழம்பு ஆறிப்போகும் வரை இதையே பேசினோம். பேச்சியம்மாள் புருஷன் பக்கமும் பேச முடியாமல் தம்பி பக்கமும் பேச முடியாமல் அடுப்படியில் நின்றாள். கடைசியில் இசக்கி வருவதையே நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொருவராக வாங்கத் தொடங்கினார்கள். வேலை போய்விடுமே என்ற பயம்தான். நானும் விண்ணப்பித்தேன். தோற்றுப்போய் அல்ல. ஒரு நோயும் இல்லாத எனக்கே எத்தனை நிபந்தனை போடுகிறார்கள் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று வைராக்கியம். எனக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதால், பாலிசி கொடுப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றது கம்பெனி. செம்பூரில் அவர்கள் சொன்ன லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

மறுநாள் வாஷியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நிற்கும்போது போன் வந்தது. லேபில் இருக்கும் ஒரு பெண் டாக்டர். காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், வேலை முடிந்ததும் வாருங்கள் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, வந்தால் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சாயங்காலம் வரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது. வெள்ளணுக்கள் (ரத்தத்தில் கிருமிகளை எதிர்ப்பவை) இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார் அந்த டாக்டர். பாலிசியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன்.

முனிசிபல் ஆஸ்பத்திரியின் வராந்தா நீளமானது. பேச்சியம்மாள் பெஞ்சில் இடம்பிடித்து வைத்திருந்தாள், நான் உட்காரவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர்கள் என்னைத் திட்டினார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அந்தக் கோடியில் இருந்தேன். பேச்சியம்மாள்தான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

டாக்டருக்கு என் மகள் வயதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து என் வயிற்றில் ஒரு கோடு வரைந்தார். மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில், வழக்கமாக வெளியே தட்டுப்படாமல் இருக்கும் உறுப்பு) இதுவரை இறங்கியிருக்கிறது என்றார். கோடு தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்தது. இரைப்பையை அது நெருக்குவதால்தான் சாப்பாடு இறங்கவில்லையாம். நான் மாதக்கணக்கில் சோடா குடித்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் இடம்) எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும், உறிஞ்சி இழுக்கும் நேரத்தில் காலின் உள்ளிருந்து எதையோ பிடுங்குவது போல இருந்தது. சீக்கிரம் முடிந்துவிடும். இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்றார்கள் (மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை தேவையே இல்லாமல் வெள்ளணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்). புற்றுநோய் என்றதும் பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். இதற்கு மாத்திரை இருக்கிறது, தினமும் போட வேண்டும், தொடக்கத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார்.

“குணமாயிருமா?” என்று பேச்சியம்மாள் தமிழிலேயே கேட்டாள். நான் இந்தியில் சொன்னேன்.

“மாத்திரையை விடாமல் போட்டால் மற்றவர்களைப் போலவே வாழலாம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவராகவே நிறுத்தினால்தான் ஆபத்து” என்றார் டாக்டர்.

மாத்திரை எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதி முடித்தார். பிறகு, “இப்போதைக்கு முடிவு என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள்” என்றார். எவ்வளவு காலம் உயிரோடு இருப்பேன் என்று கேட்கத் தயாராகப் போனவன் நான். முடிவே இல்லை என்ற பதிலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் காப்பீட்டுக் கம்பெனியின் செய்தி போனில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் மகள் கவிதா வாசித்தாள். கல்லூரியில் படிக்கிறாள், வாசித்துவிட்டுப் போனை என்னிடம் தராமல் வைத்திருந்தாள். “ரிஜெக்ட் பண்ணிட்டாங்கப்பா. இப்போதைக்கு பாலிசி தர முடியாதாம்” என்றாள்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்க மாட்டேன் என்று அத்தனை சண்டை போட்டவன், வாங்கப் போனால் கிடையாது என்கிறார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் டூட்டி நினைவுக்கு வந்தது.

சாவந்த் கெட்ட மனிதர் அல்ல. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். விதி முதலாளி போட்டது, பாலிசி இல்லாமல் பஸ் தர எனக்கு அதிகாரம் இல்லை, வேறு கம்பெனியில் முயற்சி செய்யுங்கள் என்றார். வேறு இரண்டு கம்பெனிகளிலும் கேட்டோம். ஒன்று பதிலே சொல்லவில்லை. மற்றது, சில வருடம் கழித்து வாருங்கள், அப்போதும் இந்த நோய்க்கு மட்டும் கொடுக்க மாட்டோம் என்றது.

மாத்திரை கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. ரேஷன் கார்டைக் காட்டி அரசுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையைப் போட ஆரம்பித்ததும் குமட்டல் வந்தது. கண்ணைச் சுற்றி வீங்கியது. கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. சாப்பாட்டுக்கு நடுவில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும் என்பதை ஒரு நோயாளிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கால் இழுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

வேலை இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. படுத்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். சயான் வழியாகச் செம்பூர் வரை நடந்துபோய், டெப்போவுக்கு எதிரே நின்று என் பஸ்ஸை யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். சில நாள் மாட்டுங்காவுக்குப் போய், பூக்கடைகளுக்கு நடுவே எதையும் வாங்காமல் சுற்றிவிட்டு வருவேன். மாத்திரையின் தொல்லையைத் தவிர, உடம்பில் நோய் இருப்பதாகவே தெரியவில்லை. அதுதான் என்னை அலைக்கழித்தது. வலித்தாலாவது அதோடு சண்டை போட்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் டெப்போவுக்கு எதிரே நின்ற என்னை இசக்கி பார்த்துவிட்டான். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பல வாரங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“அத்தான், எல்லாரும் வாங்கணும்னு நான் சொன்னது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்” என்றான். “ஆனா வாங்குதவனத்தான கட்டாயப்படுத்துதாங்க. விக்குதவன யாரு கட்டாயப்படுத்துனா? நோய் வந்தவனுக்குக் கிடையாதுன்னா, எல்லாரும் சேர்ந்து போடுததுக்கு அர்த்தமே இல்லல்லா.”

பேச்சியம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். “இத இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு” என்றாள்.

மறுநாள் முதலாளி டெப்போவுக்கு வந்தபோது இசக்கி அதையே இந்தியில் சொன்னான். நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். விதிக்காக முன்னால் நின்று வாதாடியவனே இப்படிப் பேசியதை முதலாளி எதிர்பார்க்கவில்லை. கண்பத்தும் பேசினார். இந்த விதியை என்னை வைத்துத்தான் போட்டீர்கள், நோய் வந்தவனுக்கு உதவத்தானே போட்டீர்கள், இப்போது நோய் வந்தவன்தான் வெளியே நிற்கிறான் என்றார். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பேசி முடிக்கும் வரை யாரும் பஸ்ஸை எடுக்கவும் இல்லை.

முதலாளி விதியை நீக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனி மறுத்துவிட்டால், டாக்டரின் தகுதிச் சான்று போதும் என்று அதில் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கொஞ்ச காலம் டெப்போவிலேயே வேலை கொடுத்தார்கள். வெள்ளணுக்கள் இறங்கி, மண்ணீரல் சுருங்கி, கால் இழுப்பதும் கட்டுக்குள் வந்த பிறகு டாக்டர் சான்று தந்தார். மறுபடி வாஷி ரூட்டில் ஓட்டுகிறேன். தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

நானும் இசக்கியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. விற்பவனுக்கும் சேர்த்துக் கட்டாயம் போட வேண்டும் என்கிறான் அவன். எனக்கு வைத்தியம் பார்த்தது அரசாங்கம்தானே, அதையே எல்லோருக்கும் ஒழுங்காகச் செய்யட்டும் என்கிறேன் நான். உடனே அவன், அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் நீங்க ரத்தமே குடுத்திருக்க மாட்டீங்களே அத்தான் என்பான். பாலிசி விற்பதற்காக அவர்கள் எடுத்த ரத்தம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது, காப்பாற்றவும் செய்தது. இரண்டையும் சேர்த்து ஒரே முடிவாகச் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாசிக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தும் வரை காத்திராமல் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். நோயின் தடயம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நுணுக்கமாகப் பார்க்கும் சோதனை அது. முடிவு வரச் சில வாரம் ஆகும். கைக்கு வரும்போது அது பழைய ரத்தத்தைப் பற்றிய செய்தி. இன்றைய ரத்தம் எப்படி இருக்கிறது என்பது எப்போதுமே அடுத்த முறைதான் தெரியும். போன முறை தடயமே தெரியவில்லை என்றார் டாக்டர். சந்தோஷமாக வெளியே வந்தேன். ஸ்டேஷன் வரும் முன்பே, இது எந்தத் தேதிக்கான சந்தோஷம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று டெப்போவில் கண்பத், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவரும் இதய மாத்திரை போடுகிறவர்தான்.

“போன மாதம் வரைக்கும் நன்றாக இருந்திருக்கிறது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையசைத்துவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறினார். நானும் வண்டியை எடுத்தேன்.