டேப்பில் சுற்றிய உடம்பு

என் முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தது இருபத்துநாலு வயதில்.

அப்போது தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை. நானும் அம்மாவும் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற கூட்டம் மதுரையில் இருப்பதே எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. ஒரு சின்ன மண்டபத்தில் எல்லோரும் அவரவருக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போட்டு வரப்போகிறார்கள் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். நான் ஒரு வில்வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தேன். கருநீல அங்கி, இரண்டு தோளிலும் கவசம். ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு உடனே மூடினேன். நாமே செய்துகொள்வோம் என்று முடிவானது.

சிம்மக்கல்லில் வெட்டுத்துணி வாங்கினோம். கவசத்துக்கு, குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிற ஃபோம் பாய். தையல்காரர்கள் துணி போட்டுப் பார்க்கிற பொம்மை மட்டும் கிடைக்கவில்லை. தோழி ஒரு வீடியோவில் வழி கண்டுபிடித்தாள். பழைய டிஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பேக்கிங் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு முதுகில் நேர்கோடாக வெட்டி உரித்து, வெட்டிய இடத்தை ஒட்டி, உள்ளே பழைய துணி அடைத்தால் நம் அளவிலேயே ஒரு பொம்மை.

தோழி எழுமலைக்காரி. இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து என்னைச் சுற்றினாள்.

"ஆடாம நில்லுடி. இன்னும் கொஞ்சந்தான்."

"மூச்சு முட்டுது."

"இம்புட்டுக்கேவா? இரு, கத்தரி எடுத்துட்டு வாரேன்."

கத்தரியின் பின்பக்கம் சில்லென்று முதுகெலும்பில் ஊர்ந்து மேலே வந்தது. உரித்ததும் அந்தக் கூடு என் சூட்டோடு அவள் கையில் இருந்தது. துணி அடைத்து, ஓடாத பெடஸ்டல் ஃபேனின் கம்பியில் குத்தி என் அறையில் நிறுத்தினோம். தலை இல்லை, கை இல்லை. ஆனாலும் அது நான்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கோணலா நிக்குதுடி," என்றாள் தோழி. "வலது தோளு இறங்கியிருக்கு. நான் சுத்துனதுதான் சரியில்ல போல."

மறுநாளிலிருந்து அது வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. காலையில் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். வெயில் இறங்கும் நேரத்தில் டேப் விட்டு விட்டுச் சடசடக்கும், யாரோ மெல்லச் சொடக்கு எடுப்பது போல. அம்மா அந்த அறைக்குள் வருவதையே நிறுத்தினாள். துவைத்த துணிகளை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா படிக்கட்டில் என்னை மறித்தார். "ஏம்மா, மத்தியானம் பூரா ஜன்னல்லயே நிக்கிற, திரைக்குக் கீழ தோளு மட்டுந்தான் தெரியுது. கூப்புட்டா திரும்பக்கூட மாட்டேங்குற. உடம்புக்கு முடியலையா?"

"நான் ஆபீஸ்ல இருந்தேங்க்கா. அது தையலுக்கு வச்சிருக்க பொம்மை."

அவர் சிரிக்கவில்லை. "பொம்மையா? ஒருச்சாஞ்சு நிக்கிறதப் பாத்தா நீயேதான்னு நெனச்சேன்."

அந்த வார்த்தையோடு படியேறினேன். என் டிஷர்ட்டின் மேல் சுற்றிய அந்தப் பொம்மை எனக்கு முதுகைக் காட்டி நின்றது. நான் அருகில் போய்ப் பார்த்தேன். இடதுபக்கத் தோள்பட்டை எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு மேடு. வெட்டி ஒட்டிய கோடு கழுத்திலிருந்து நேராக இறங்காமல், நடுவில் ஒதுங்கி வளைந்து திரும்பவும் சேர்ந்தது.

தோழியை அழைத்து இரண்டாவது பொம்மை செய்யச் சொன்னேன். இந்த முறை அவள் என் முதுகில் பேனாவால் எலும்பை ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு, நிதானமாகச் சுற்றினாள். உரித்து, பழையதன் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் ஒரே மாதிரி சாய்ந்து நின்றன. இரண்டின் முதுகிலும் அதே இடத்தில் அதே மேடு. தோழி பொம்மைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "டீ, சுத்துனதுல தப்பில்லடி," என்று மெதுவாகச் சொன்னாள்.

அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிய டாக்டர், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதைக் காட்டினார். ஆபரேஷன் தேவையில்லை, தினமும் உடற்பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றார். "இவ்வளவு நாள் யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டபோது அம்மா தலை குனிந்தாள். பள்ளிக்கூடக் காலம் முழுக்க என்னை "நேரா நில்லு, நேரா நில்லு" என்று திட்டியவள் அவள். வளர்கிற வயதில் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த அம்மா முதல் பொம்மைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கட்டைவிரலை அதன் கழுத்தில் வைத்து, அந்தக் கோட்டின் மேலேயே கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். வளைகிற இடத்தில் விரல் நின்றது. அங்கேயே அழுத்தித் தேய்த்தாள், வலிக்கிற இடத்தில் தைலம் தேய்ப்பது போல. நான் வாசலில்தான் நின்றேன். என் முதுகில் அந்த இடம் சூடாவதை உணர்ந்தேன். உணர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொல் கிடைக்கவில்லை.

"இங்கதான ஆரம்பிக்குது?" என்று அம்மா அதனிடம் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றேன் நான்.

அவள் அலறிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். என்னைத் திருப்பி உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி என் நிஜமான முதுகைப் பார்க்க அவளுக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.

அங்கியைத் தைத்து முடித்தேன். தாழ்ந்த தோளில் கவசத்துக்கு அடியில் ஃபோம் வைத்துச் சமமாக்கலாம் என்று தோழி சொன்னாள். வேண்டாம் என்றேன். மண்டபத்தில் நிறையப் பேர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். வில்லைப் பிடித்தபடி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பது கதையில் வருகிற அதே தோரணை என்று ஒரு பெண் பாராட்டினாள். நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் பொம்மைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. குப்பை வண்டிக்காரர் அப்படியே வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அம்மாவும் கத்தரியைத் தொடமாட்டேன் என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நானே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, இடுப்பிலிருந்து மேல்நோக்கி வெட்ட ஆரம்பித்தேன். டேப் லேசில் விடவில்லை. கத்தரி நடுமுதுகில் அந்த வளைவை அடையும்போது கையை நிறுத்திவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். அவள் வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் மிச்சத்தை வெட்டினேன்.