வீட்டில் யாரும் இல்லை

என் தம்பி கனடாவில் இருந்துகொண்டே, முரசுமோட்டையில் எங்கள் வீட்டு விளக்கை அணைப்பான். சித்து வேலை ஒன்றுமில்லை. உலகம் முழுக்கப் பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் ஒரு மென்பொருள்தான். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் கைபேசிக்குள் கொண்டுவந்துவிடும். காசில்லை, யாரும் எடுத்துத் திருத்தலாம். ஒரே குறை, அதைப் பாவிக்க அரை எஞ்சினியராவது இருக்க வேண்டும். புரோகிராம் தெரியாத சனங்களுக்கும் அதை இலகுவாக்குவதுதான் தம்பி சனி ஞாயிறுகளில் செய்யும் தொண்டு. அந்தச் சனங்கள் என்பது நடைமுறையில் நான் ஒருத்திதான்.

லீவில் வந்தபோது கருவிகளைச் சுவர்களில் பூட்டிவிட்டுப் போனான். அதன்பின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அனுப்பி, இலகுவாக இருக்கிறதா என்று கேட்பான். வீடு கட்டக் காசு அனுப்பியவனிடம் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஓம், நல்ல இலகு என்பேன். பிறகு வீடியோவில் வந்து, இதை அமத்துங்கோ, அதை அமத்துங்கோ என்று எல்லாவற்றையும் அவனே செய்விப்பான். கூட்டாளிகளுக்கோ, அக்கா தனியாகவே செய்து முடித்தா என்று எழுதுவான். ஜெர்மனியில் ஒருவர் எனக்குப் பாராட்டே அனுப்பியிருந்தார்.

கரைச்சல் அப்பாவால் வந்தது. முழங்கால் நோவோடு வயலை விட்டதிலிருந்து, விறாந்தைக் கதிரையில் இருந்தால் இருந்ததுதான், அசையமாட்டார். நான் பின் வளவில் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். ஆள் நடமாட்டம் பார்க்கும் கருவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று தீர்மானித்து மின்விசிறியை நிறுத்திவிடும். தம்பியின் திரையில் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று நல்ல தமிழில் விழும். அதை மொழிபெயர்த்ததும் அவன்தான்.

கையை ஒருக்கால் ஆட்டினால் ஓடும் என்று அப்பாவுக்குச் சொன்னேன்.

“காத்துக்குக் கை காட்ட நான் என்ன பஸ்ஸுக்கே நிக்கிறன்?” என்றார்.

தம்பியிடம் முறையிட்டேன். அவன் மகிழ்ந்துபோய் அதைத் தன் கூட்டத்தில் போட்டான். அசையாத மனிதரை ஆள் என்று கணக்கெடுப்பதா இல்லையா என்று பல நாட்டுக்காரர் கிழமைக்கணக்காக விவாதித்தார்கள். அப்பா வேர்த்துக்கொண்டிருந்தார்.

மின்விசிறியை விடுங்கள், எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. முன்பெல்லாம் தம்பி பின்னேரங்களில் அழைப்பான். கரண்ட் இருக்கிறதா, மோட்டர் ஓடுகிறதா என்று கேட்பான். அப்பா அதில் தொடங்கி இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுவரை சொல்லி முடிப்பார். இப்போது கரண்டும் மோட்டரும் அவன் திரையிலேயே தெரிகின்றன, கேட்க ஒன்றுமில்லை. அழைப்பு ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கியது. பிறகு ஞாயிறும் தவறத் தொடங்கியது. அப்பா கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புதுப் பதிப்பு வந்தது. ‘இது நடந்தால்’ என்றொரு பெட்டி, ‘இதைச் செய்’ என்றொரு பெட்டி. தனியாக இருந்து பார்த்தேன். பாவி, உண்மையாகவே இலகுவாகச் செய்திருந்தான். முதல் பெட்டியில் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்பதை வைத்தேன். அடுத்ததில், தம்பியின் கைபேசியில் அபாய மணி. விறாந்தையில் ஆள் அசையும்வரை அது அடிக்க வேண்டும். கூடப்பிறந்தவன் நித்திரை கெடக்கூடாது என்று, எங்கள் பின்னேரத்தில் மட்டும் என்றும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவின் கைபேசி அடித்தது. அங்கே விடிந்தும் விடியாத நேரம். அப்பா கை நீட்டி எடுத்தார். அங்கே மணி நின்றிருக்கும், இங்கே மின்விசிறி ஓடத் தொடங்கியது.

“அப்பா, வீட்டில இருக்கிறியளோ?” பதற்றத்தில் அவன் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது.

“வேற எங்க போறது? இருக்கிறன்.”

குளம், நெல் விலை, என் மிளகாய் என்று கதை நீண்டது. பிறகு நான் அப்பாவின் பக்கத்தில் நின்றே கைபேசியை வாங்கி, மணியை வைத்தது நான்தான் என்றேன். புரோகிராம் தெரியாத என் அக்கா தானாகவே செய்தா என்று அன்றே கூட்டாளிகளுக்கு எழுதினான். முதல் தடவையாக அது உண்மை. அழித்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான்.

போன மாதம் பல நாட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வர, அசையாத ஆளையும் கண்டுபிடிக்கும் புதுக் கருவி ஒன்றைத் தம்பி அனுப்பியிருந்தான். சும்மா இருந்தாலும் நீங்கள் இருப்பது இதற்குத் தெரியும் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

“அதைப் பூட்டாத, பிள்ளை,” என்றார்.

கருவி பெட்டியோடு இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. பின்னேரமானால் அப்பா கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். மூக்கில் இலையான் பறந்து வந்து குந்தினாலும் அசைவதில்லை.