நன்றி பொறித்த பெஞ்சு

வாசகம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்புகிறவர்களின் சங்கத்துக்கு நானே தலைவர், ஒரே உறுப்பினரும் நானே. எண்ணூரில் கடலில் சேரும் பிளாஸ்டிக்கையும் பழைய வலைகளையும் உருக்கிப் பெஞ்சு செய்கிற ஒரு பட்டறைக்கு, 'கடலைக் காத்த கரங்களுக்கு நன்றி' என்று எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் அதைப் பொறித்திருந்தார்கள். பார்த்துப் பூரித்துவிட்டு வரலாமென்று போனேன்.

அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, முழங்கை வரை உப்புப் பூத்த கைகள். முகத்துவாரத்திலிருந்து வாரி வந்த கிழிந்த வலைகளை நின்றபடியே அலசிக்கொண்டிருந்தார். தொட்டியில் போடுமுன் ஒவ்வொன்றையும் உதறி, சிக்கிய நண்டுக்குஞ்சு உயிரோடிருந்தால் எடுத்து வாளித் தண்ணீரில் விடுவார்.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியோடு ஒரு புதுப் பெஞ்சில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"எந்திரிம்மா! மாலுக்குப் போற பீஸு. அழுக்காயிடும்."

"இன்னா நைனா, கலீஜ் தண்ணில ஊறிக் கெடந்த வலை இது. எம் பொடவ பட்டா அழுக்காயிடுமா?"

ஆனாலும் எழுந்துவிட்டார். தரையெல்லாம் வலை கழுவிய சேறு. நின்றுகொண்டே சாப்பிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்க கையாலதானேய்யா இந்தப் பெஞ்சே வந்தது!" என்று கத்தினேன். மேற்பார்வையாளர் என் வாசகத்தைத் தட்டிக் காட்டினார்.

"அதான் நன்றி சொல்லியாச்சே சார்."

அவமானத்தை மறைக்க அந்த அம்மாளிடம் போய், "அக்கா, அடுத்த பெஞ்சுல உங்க பேரையே பொறிக்கச் சொல்றேன்" என்றேன்.

சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"பேரு இன்னாத்துக்கு? குந்த வுடச் சொல்லு."