கிணற்றடியில் கிடந்த செருப்பு

வீட்டிலிருந்தே வியாபாரம் செய்தால், யாராவது கதவைத் தட்டும் நேரமெல்லாம் கடை நேரம்தான் என்று நம்பிய மகா புத்திசாலி நான். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சோப்பும் சலவைப்பொடியும் விற்கிறோம். நான் ஸ்கூட்டரில் கழக்கூட்டம் பகுதி ஃபிளாட்டுகளைச் சுற்றி விற்பேன். வீட்டுக்கு வருகிறவர்களை என் மனைவி விஜயா கவனிப்பாள்.

ஒரு மதியம் திரும்பி வந்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது. அவள் ஃபோன் மேஜைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. கொல்லைக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான கிணற்றடியில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. அவளுக்கு அடிக்கடி தலை சுற்றும். எட்டிப் பார்த்தேன். இருட்டுத் தண்ணீரிலிருந்து ஹெல்மெட் போட்ட தலை ஒன்று என்னைப் பார்த்து விழித்தது. அது நான்தான் என்று புரிவதற்குள் தெருவே கேட்க அலறிவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமி கொல்லைக் கதவைத் திறந்தார்.

"எதுக்கு இப்படிக் கத்தறேள்? அவ காலை அலம்பிண்டு எங்காத்துக்கு வந்துட்டா. உங்காத்துல பெல் ஓயவே மாட்டேங்கறதாம். சோப்பு வேணுங்கறவா அவாளே எடுத்துண்டு போகட்டும்னு கதவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கா."

இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனை அணைத்து, கதவைச் சாத்தி, போர்டு மாட்டிவிடுகிறேன். கழக்கூட்டமே திரண்டு வந்தாலும் சாயங்காலம்தான் திறப்பேன்.

அன்று விஜயா கிணற்றில் விழவில்லை. மாமி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் அலறலுக்குக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.