அம்மா மடியில் லில்லிக் கிழங்கு

ஐம்பதுகளில் ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், விடிந்ததும் அம்மாவின் விரல்நுனியில் ஈரச் செம்மண்ணும் பச்சைக் கிழங்கின் காரலும் கலந்து மணக்கும். பெங்களூரிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பிய லில்லிக் கிழங்குகளைக் கிணற்றோரம் நட்டுவிட்டு, முளைத்ததா முளைத்ததா என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பாவுக்கு அடிக்கடி 'மாத்தல்' வரும். மல்லிகை மொட்டு வைத்தால் சாமான் கட்டுவோம், கனகாம்பரம் தழைத்தால் வாசலில் வண்டி வந்து நிற்கும், ஆகவே தன் கையால் வைத்த எதிலும் அவள் ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை.

"அதையும் தெனம் மாத்தல் பண்ணிக்கினே இருந்தா எங்கடி பூக்கும்?" என்பார் அப்பா.

"கத்துக் குடுத்ததே உங்க ஆபீசுதானே!"

வீட்டுக்காரக் கெம்பம்மா கன்னட வாடையோடு அதட்டுவாள்: "சும்மா இரு தாயி! புள்ளத்தாச்சி வயித்த யாராச்சும் தொறந்து தொறந்து பாப்பாங்களா?"

சித்திரையில் முதல் மழை இடித்துப் பெய்த மறுநாள், இலையே இல்லாமல் கட்டைவிரல் பருமனில் ஒரு மொட்டு மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மா அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டாள். அந்த வாரமே ஊத்தங்கரைக்கு மாத்தல். "விட்டுட்டு வாடி, அந்த வெயிலுக்கு நிக்காது" என்றார் அப்பா. அம்மா அதை வேர் அறாதபடி மண்ணோடு பெயர்த்து ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்து, பஸ்ஸில் மடிமேல் ஏற்றிக்கொண்டாள்.

"என்னம்மா, வெங்காயத்துக்கும் டிக்கட் போடவா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, வண்டி குலுங்கும்போதெல்லாம் மொட்டை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டபடியே வந்தாள்.

கிருஷ்ணகிரியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது மொட்டின் உறை வெடித்து, உள்ளே சிவப்பு ஊசிகள் தெரிந்தன. ஊத்தங்கரை பஸ் வந்தது. மூட்டைகளோடு முண்டியடித்து ஏறிய அப்பா ஜன்னல் வழியே கத்தினார்: "ஏறுடி, வண்டி போயிடும்!"

"போவட்டும்."

அப்பா அவள் கையிலிருந்த தகரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பொழுது சாய்வதற்குள் அந்த ஊசிகள் ஒவ்வொன்றாக விரிந்து, சிவந்த பந்தாக நின்றன. கடைசி பஸ்ஸில் போனோம்.

இன்று ஓசூரில் அந்தக் கிணற்றோரம் சிமெண்டுத் தரை. கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. கெம்பம்மா இல்லை, அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. ஊத்தங்கரை வெயிலில் அந்தக் கிழங்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்காக அம்மா ஒருநாளும் வருந்தி நான் பார்த்ததில்லை. அவள்தான் பூவைப் பார்த்துவிட்டாளே.